டப்பா கொடுத்ததற்கு நன்றி

"உன் பேரும் இருக்கே, பாக்கலையா?"

"எங்க இருக்கு?"

"கட்டுரையோட கடைசிப் பக்கம். நன்றி சொல்ற இடத்துல."

"எதுக்கு நன்றி?"

ஸ்ரீநிவாஸ் அப்போதும் சிரித்த முகமாகத்தான் இருந்தான். "டப்பா கொடுத்ததுக்கு" என்றான்.

போன வருஷம் கல்லூரி கேன்டீன் வாசலில் நடந்த இந்தப் பேச்சு நாச்சியாருக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. பல் விளக்கும்போது நினைவு வரும். கிழக்கே கோட்டை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நினைவு வரும். வருகிறபோதெல்லாம் அவன் சிரிப்பு முன்னைவிட இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரியும்.

அது ஒரு வயர்லெஸ் பூட்டு. யோசனை பிறந்ததே சாலை பஜாரில், அவள் அப்பா வன்னியராஜின் தகர டப்பாக் கடையில்தான். மழைக்காலம் வந்தால் ஷட்டர் பூட்டு துருப்பிடித்து இறுகிப்போகும். காலையில் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் திறக்க வேண்டும். சாவியே இல்லாமல், கையடக்க ரிமோட்டிலிருந்து வரும் சமிக்ஞையால் திறக்கிற பூட்டு இருந்தால் என்ன என்று மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவளுக்குத் தோன்றியது. எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் உடன் படித்த வலியசாலைக்காரன் ஸ்ரீநிவாஸைச் சேர்த்துக்கொண்டாள். அவன் கைக்குச் சாலிடரிங் நன்றாக வரும். வாய்க்குப் பேச்சு அதைவிட நன்றாக வரும். பூட்டும் ரிமோட்டும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் புரோகிராம் முழுக்க அவள் எழுதியது. ஒட்டுக்கேட்டுச் சோதிப்பதற்கு ஆன்டெனாவும் அவளே செய்தாள்: அப்பா கடையிலிருந்து எடுத்த பால்பொடி டப்பாவில் ஒரு துண்டு பித்தளைக் கம்பியைப் பற்றவைத்து.

பெங்களூரில் ஓர் ஆய்வகம் உண்டு. வயர்லெஸ் கருவிகளின் பாதுகாப்பை ஆராய்கிறவர்கள். ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒரு மாணவரை அழைத்து, கோடை விடுமுறையில் தங்களோடு வேலை செய்ய வைப்பார்கள். ஸ்ரீநிவாஸ் பூட்டைப் பற்றிய கட்டுரையைத் தன் பெயரில் அனுப்பினான், அவனையே அழைத்தார்கள். அவன் பெங்களூர்க் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பி வந்தான். அவளுக்கு வகுப்பில் புதுப் பெயர் கிடைத்தது. டப்பா.

"எடி டப்பா, நோட்ஸ் உண்டா?" என்று உடன் படிக்கும் மகேஷ்குமார் மலையாளத்தில் கேட்பான். பின்பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு நோட்ஸைக் கொடுப்பாள்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவன் திருடிக்கொண்டு போனது இன்னும் செய்து முடிக்காத பூட்டு. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பூட்டை ஆன் செய்கிற கணத்தில் அதற்குள் இருக்கும் கடிகாரம் காட்டுகிற நேரத்தை எடுத்து, பல்லாயிரம் தடவை கணக்கில் போட்டுக் கடைந்து, அதிலிருந்துதான் ரகசியச் சாவி உண்டாகும்படி அவள் எழுதியிருந்தாள். உண்மையில் அந்த இடத்தில் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண் இருக்க வேண்டும். அதைச் செய்து முடிக்கும் வரைக்கும் கடிகாரத்தை வைத்து ஒப்பேற்றியிருந்தாள். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினாள்: 'இது தற்காலிகம், கட்டாயம் மாற்றணும். நாச்சி.' அவள் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றின் கீழும் நாச்சி என்று இருக்கும். ஸ்ரீநிவாஸ் அந்தப் பெயர் வந்த வரிகளையெல்லாம் தேடித் தேடி அழித்தான். அவள் பெயரைத் துடைத்த கையோடு எச்சரிக்கையையும் துடைத்துவிட்டான்.

ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் லேபில் அவன் பூட்டை ஆன் செய்வதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அறையிலிருந்து டப்பா ஆன்டெனாவை நீட்டிச் சோதித்தாள். பூட்டு சமர்த்தாக அவள் சொன்னபடி கேட்டது. யாரும் பார்ப்பதற்குள் மறுபடி மூடிவிட்டாள். அன்றைக்கே கூப்பிட்டுக் காட்டியிருந்தால் சின்ன வெட்கத்தோடு தப்பியிருப்பான். அவனுக்குச் சின்ன வெட்கம் போதாது என்று நினைத்தாள்.

இந்த வருஷம் அந்த ஆய்வகத்திலிருந்து டாக்டர் சபீனா நேரில் வருவதாக அறிவிப்பு வந்தது. இம்முறை கோடை விடுமுறை வேலை இல்லை. படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி. ஓர் இடம். அவர்கள் ஆள் எடுக்கும் முறையே தனி. ஒருவர் தன் கருவியைக் கொண்டுவந்து மேடையில் வைப்பார். சபையில் இருக்கிற மாணவர் யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்துக்குள் அதை உடைத்துப் பார்க்கலாம். தாக்குப்பிடித்தால் செய்தவருக்கு இடம். உடைந்தால் உடைத்தவருக்கு. இந்தக் கல்லூரியில் மேடைக்கு ஸ்ரீநிவாஸின் பூட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். நாச்சியார் அந்த நேரத்தை இன்னொரு தடவை படித்தாள். அது ராகு காலம்.

ஸ்ரீநிவாஸின் அம்மா லலிதாம்பாளை அவளுக்குத் தெரியும். சேர்ந்து வேலை செய்த நாட்களில் வலியசாலை வீட்டுக்குப் போனால், அடை வார்த்துப் போட்டு, "ஒல்லியா இருக்கியேடி, இன்னொண்ணு சாப்பிடு" என்று வற்புறுத்துகிற அம்மாள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி நாலு நாள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள், நல்ல நாள் வரவில்லை என்று. "ராகு காலத்துல எந்த ஸ்விட்சும் போடப்படாது, கேட்டியா? காலேஜ்ல இருந்தாலும் சரி. நல்ல நேரம் பொறந்ததும் ஆத்துலேர்ந்து போன்ல ரெண்டு மணி அடிச்சுட்டு வெச்சுடறேன். அப்போ போடு" என்று மகனிடம் சொல்வாள். அவனும் வெளியே கேலி செய்துகொண்டே, செல்போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்த பிறகுதான் ஸ்விட்சில் கை வைப்பான். பரீட்சை, வைவா, எதுவானாலும் அப்படித்தான்.

வியாழக்கிழமை நல்ல நேரம் காலை பத்தே முக்காலுக்குப் பிறக்கிறது. சாலை பஜாரில் எல்லாக் கடைச் சுவரிலும் தொங்குகிற காலண்டரே அதைச் சொல்லும்.

அடை வார்த்துப் போட்ட கையின் மிஸ்டு காலைக் கொண்டு அவள் மகனை வீழ்த்தப் போகிறோமே என்று ஒரு நெருடல் வந்தது. 'டப்பா கொடுத்ததுக்கு' என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நெருடல் போய்விட்டது.

ஹால் நிறைந்திருந்தது. மேஜைமேல் கெட்டியான மரப்பெட்டி. அதன் கதவில் பூட்டு. சபீனா தக்கலைக்காரர், இதே ஊரில் படித்தவர். வெள்ளைப் பருத்திப் புடவையும் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரமுமாக இருந்தார். கைப்பையைத் துழாவி ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இது என்னோட இன்னைக்கு ரயில் டிக்கெட். பெங்களூருக்கு. இதை உள்ளே வைக்கிறேன். ஒழுங்கா எனக்குத் திரும்பக் கிடைச்சிருமில்லையா, ஸ்ரீநிவாஸ்?"

"நீங்க கேட்டா மட்டும் கிடைக்கும் மேடம். வேற யார் கேட்டாலும் கிடைக்காது."

கைதட்டல் எழுந்தது. நீல முழுக்கைச் சட்டையில், நெற்றியில் சின்னதாக விபூதிக் கீற்றோடு அவன் நன்றாகத்தான் இருந்தான்.

"காலம்பறவே ஆன் பண்ணி வெச்சாச்சு மேடம். சாவி அப்பவே பொறந்தாச்சு. அந்த நேரத்துல இந்த ஹால்ல ஈ காக்கா கிடையாது. அதனால ஒட்டுக்கேட்டும் பிரயோஜனமில்லை."

மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நேரம் முடியப்போகிறது என்று சபீனா கடிகாரத்தைப் பார்த்தபோது நாச்சியார் எழுந்தாள். லேபின் லாப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். தோள்பையிலிருந்து பால்பொடி டப்பாவை எடுத்தாள்.

"டப்பா வந்நே!" பின்னாலிருந்து மகேஷ்குமார் குரல். "எடி, சூடா ஒரு கப் பால் கலக்கித் தரணே!"

ஹால் குலுங்கியது. ஸ்ரீநிவாஸும் சிரித்தான், அதே பழைய சிரிப்பு. அவள் டப்பாவின் வாயைப் பூட்டின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒரே ஒரு தடவை ரிமோட்ல திறந்து மூடு."

"தாராளமா." அவன் அழுத்தினான். பெட்டி திறந்து மூடியது. பூட்டும் ரிமோட்டும் அந்தக் கணத்தில் பேசிக்கொண்டது லாப்டாப்புக்குள் வந்து விழுந்தது. இனி ஒவ்வொரு நொடியையும் அதேபோலப் பல்லாயிரம் தடவை கடைந்து, அதிலிருந்து பிறக்கிற சாவி இந்தப் பேச்சோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் உள்ள நொடிகளையெல்லாம் தட்டிப் பார்ப்பதென்றால் லாப்டாப் நாளை மறுநாள்தான் பதில் சொல்லும். சில நிமிஷங்களை மட்டும் பார்ப்பதென்றால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடும்.

அவள் பத்தே முக்கால் என்று அடித்து, அங்கிருந்து தொடங்கச் சொன்னாள். பிறகு ஏதோ மறந்து கேட்பதுபோல நிமிர்ந்தாள்.

"அம்மா சௌக்கியமா, ஸ்ரீநி?"

"ம்? சௌக்கியம்."

"காலைல போன் பண்ணினாங்களா? ரெண்டே ரெண்டு மணி அடிச்சுட்டு வச்சாங்களா?"

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவன் முகத்தில் நடந்ததை அவள் ஆற அமரப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்தது அதைப் பார்க்கத்தானே! முதலில் சிரிப்பு நின்றது. பிறகு கண் லாப்டாப் பக்கம் போய், அங்கிருந்து பூட்டுக்குப் போய், போக வேறு இடம் இல்லாமல் தரையில் விழுந்தது.

டக் என்று பெட்டிக் கதவு திறந்துகொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. நாச்சியார் டிக்கெட்டை எடுத்து சபீனாவிடம் நீட்டினாள்.

"எப்படி?"

"சாவி பிறக்கிறது கடிகாரத்திலிருந்து மேடம். எப்போ ஆன் பண்ணினான்னு தெரிஞ்சாப் போதும். அந்த இடத்துல கடிகாரத்தை வச்சது தற்காலிகம்தான். மாத்தணும்னு எழுதிக்கூட வச்சிருந்தேன். அந்த வரியை இவன் அழிச்சிட்டான்."

"எழுதி வச்சிருந்தியா? நீயா?"

"புரோகிராம் முழுக்க நான் எழுதினது."

சபீனா அவளைப் பார்த்தார். பிறகு அவனிடம் திரும்பினார். "ஸ்ரீநிவாஸ், சாவியை ஏன் அத்தனை ஆயிரம் தடவை கடையணும்? காரணம் சொல்லு. நீ எழுதினதுதானே?"

ஸ்ரீநிவாஸ் ரிமோட்டை மேஜைமேல் வைத்தான்.

"தெரியாது மேடம்" என்றான் அவன்.

அந்த ஒரு சொல்லை ஹாலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். நாச்சியாருக்கு அது வயிற்றில் இறங்கிய சுக்குக் காப்பி மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்ததும் சபீனா அவளைத் தனியாக அழைத்தார். "நாளைக் காலைல எனக்கு போன் பண்ணு. அதுக்குள்ள வீட்டுல கேட்டு முடிவு சொல்லணும், இல்லைன்னா இடம் அடுத்த காலேஜுக்குப் போயிரும். உங்க வீட்டுல விடுவாங்கல்ல?"

"விடுவாங்க மேடம்" என்றாள் நாச்சியார், தெரியாமலே.

படிக்கட்டில் ஸ்ரீநிவாஸ் உட்கார்ந்திருந்தான். அவள் தாண்டிப் போகும்போது சொன்னான்: "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டே. திருப்தியா?"

"இன்னும் இல்லை."

"நான் மட்டும்தான் காரணம்னு நினைச்சுண்டிருக்கே இல்லையா? உங்கப்பாதான் உன் பேரு வேண்டாம்னு சொன்னார். டப்பா வாங்கக் கடைக்கு வந்தப்போ. 'தம்பி, எம் மக பேரும் உங்க பேரும் ஒண்ணா அச்சுல வரவேண்டாம். பெங்களூருக்கு அவளைக் கூப்பிட்டுறாதீங்க. மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம்'னார். பொய் இல்லை. போய்க் கேளு."

நாச்சியார் ஒரு படி திரும்ப ஏறினாள். "அவர் சொன்னா, என்கிட்டச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு, "அவர் சொன்னது எனக்கு வசதியா இருந்தது" என்றான்.

"அதைச் சொல்லு. அதுதான் நிஜம்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். மன்னிக்கத் தோன்றவில்லை. மன்னிக்கவும் இல்லை.

கிழக்கே கோட்டை வரை பஸ்ஸில் அவள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள், வாய் திறக்காமல். அவன் திருடன், நீங்க கதவைத் திறந்து விட்டவர். பக்கத்துக் கடை யோசுவா அண்ணாச்சி முன்னால், வாடிக்கைக்காரர்கள் முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்லுவேன். ஹாலில் ஒருத்தன் முகம் விழுந்ததைப் பார்த்தாயிற்று. இன்னொரு முகமும் விழட்டும்.

ஒரு வருஷம் முழுக்க இந்த மனிதர் கடை டப்பாவை வைத்துக்கொண்டு அல்லவா பழிவாங்கத் திட்டம் போட்டோம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழாமல் இறங்கினாள்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். பெண் பிள்ளைகள் அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்பதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா சோறு போடும்போது அப்பாவிடம் சொல்வாள். பதிலும் அம்மா வழியாகவே வரும். புது செருப்பு, சுற்றுலா, எஞ்சினியரிங் சீட் எல்லாம் அப்படித்தான் வந்தன. பெங்களூர் போக வேண்டும் என்று போன வருஷமே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா, "நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்றாள். அந்த நேரம் வரவே இல்லை.

சாலை பஜாரில் அரிசி லாரி குறுக்கே நின்று, யோசுவாவின் மளிகைக் கடை வாசலில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கடையில் வன்னியராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்து, தகரப் புனல் ஒன்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். டண் டண் என்று தெருவெல்லாம் கேட்டது.

"வா மக்ளே. என்ன, பஸ் சீக்கிரம் கிடைச்சிருச்சா?" நிமிராமல் கையால் காட்டினார். "அந்தப் பக்கம் பாரு. பால்பொடி டப்பா, உனக்கு வேண்டிய அதே அகலம். கம்பியால அளந்து அளந்து எடுத்து வச்சிருக்கேன். அமுங்கினது ஒண்ணு கிடையாது, கேட்டோ."

மூலையில் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. துடைத்துப் பளபளவென்று. அவள் கொண்டுவந்த சொற்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு, இதையும் செய்துவிட்டு அதையும் செய்தாரே என்ற கோபம் அவற்றை நிமிர்த்தியது.

"எம் பேரை எடுக்கச் சொன்னது நீங்களா, அப்பா?"

சுத்தியல் ஒரு தட்டு பிசகியது. திரும்பவும் தட்டத் தொடங்கினார்.

"போன வருஷம். ஸ்ரீநிவாஸ்கிட்ட."

"ஆமா, சொன்னேன்" என்றார் சத்தத்துக்கு நடுவே. "அய்யர் வீட்டுப் பையன் பேரும் எம் மக பேரும் ஒண்ணா அச்சடிச்சு வந்தா, நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? பெங்களூர்ல நமக்கு யாரு இருக்கா? உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாப்பா? தகரம் தட்டுறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். எதுன்னாலும் அம்மாட்டச் சொல்லு. ராத்திரி பேசிக்கிடலாம்."

"அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்."

"என்ன வன்னியராஜண்ணே, மக சத்தம் போடுது?" யோசுவா தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மூட்டை இறக்கியவர்கள் திரும்பினார்கள்.

வன்னியராஜ் இன்னும் வேகமாகத் தட்டினார். கேட்காமல் இருக்கத்தான் தட்டுகிறார் என்று நாச்சியாருக்குத் தெரிந்தது. மகளைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்தவர்போலப் புனலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். பெங்களூரைப் பற்றிய பயம், காய்ச்சலைப் பற்றிய பயம், மகள் இல்லாத கடையைப் பற்றிய பயம். இந்த முகத்தை விழ வைக்க இன்னொரு சொல் தேவையே இல்லை.

அவள் குனிந்து, சுத்தியல் இறங்கவிருந்த இடத்தில், புனலின்மேல் தன் கையை வைத்தாள்.

அந்தரத்தில் சுத்தியல் நின்றது. சத்தம் அடங்கியது. தெரு கேட்டுக்கொண்டிருந்தது. வன்னியராஜ் மெல்ல நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, நான் பெங்களூருக்குப் போகணும். உங்க வாயால போன்னு சொல்லி என்னை அனுப்புங்க."